நோயின் தவணைக்கு அவகாசம் கிடையாது

ஒருமுறை டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்க நான்கு மணி நேரம் ஆகும். 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் பேசத் தொடங்கினார். நள்ளிரவு 12 மணிக்கு நாடு பூட்டப்பட்டது. இடையில் இருந்ததும் அதே நான்கு மணி நேரம்தான். அந்த இரவு ஷிப்டில் கையில் ஊசியேற்றிப் படுத்த சிறுநீரக நோயாளி, ஊசியைக் கழற்றிக்கொண்டு எழுந்தபோது வேறொரு நாட்டில் இருந்தார். வீட்டுக்குப் போகப் பேருந்து கிடையாது. இரண்டு நாள் கழித்து அதே கட்டிலுக்குத் திரும்பி வர வழியும் கிடையாது. பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தன. தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணியிலிருந்தே 144 தடையுத்தரவு நடப்புக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பே கைதட்டியிருந்தோம்; அதன் பிறகு விளக்கேற்றினோம், ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூத்தூவின. கொரோனாப் பெருந்தொற்றை வென்றுவிட்டதாக மேடைகளில் முழங்கியும் முடித்தாயிற்று. ஆனால் கிருமி தொடாமலே, கிருமியைத் தடுக்கப் போட்ட பூட்டினால் செத்துப்போன நாள்பட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்ற கணக்கை இன்றுவரை மத்திய அரசோ மாநில அரசோ மக்கள் முன் வைக்கவில்லை. அந்தக் கணக்கைக் கேட்கவும், அதே பிழை மறுபடி நேராதபடி சட்டத்தைத் திருத்தச் சொல்லவும் இந்தத் தலையங்கம்.

ஊரடங்கே வேண்டாத வேலை என்று நாம் வாதாட வரவில்லை. தடுப்பூசி இல்லாத காலம்; வந்திருக்கும் கிருமியின் குணம் மருத்துவர்களுக்கே பிடிபடாத நேரம். கூட்டத்தைக் கலைக்காமல் வேறு வழியில்லை என்று உலகின் பல அரசுகள் முடிவெடுத்தன. நாம் கேட்பது ஒன்றுதான்: வாரம் இரண்டு மூன்று தடவை மருத்துவமனைக்குப் போனால்தான் உயிர் தங்கும் என்ற நிலையில் இருப்பவரை அந்த நான்கு மணி நேரத்தில் யார் நினைத்தார்கள்?

மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 24ஆம் தேதி பிறப்பித்த ஆணையை எடுத்துப் படித்தால் விடை கிடைக்கும். மருத்துவமனை, மருந்துக் கடை, பரிசோதனைக்கூடம், ஆம்புலன்ஸ் எல்லாம் இயங்கலாம் என்றது அந்த ஆணை. மருத்துவப் பணியாளர்கள் போய்வரலாம் என்றது. வான், ரயில், சாலைப் போக்குவரத்து அனைத்தையும் நிறுத்தச் சொன்னது. மருத்துவர் வருவதற்கு அனுமதி எழுதிய கை, நோயாளி வருவதற்கு ஒரு வரி எழுதவில்லை. சொந்தக் கார் இல்லாத, ஆம்புலன்ஸ் வாடகை கொடுக்க முடியாத, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிற ஒருவர் எப்படி வருவார் என்ற கேள்வி எழுதியவருக்குத் தோன்றவேயில்லை. மருத்துவமனை வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அதற்குப் போகும் வழியை அடைத்தார்கள்.

மருத்துவத் தேவைக்குத் தனியார் வாகனம் போகலாம் என்ற அனுமதி ஏப்ரல் நடுவில் வந்த அடுத்த ஆணையில்தான் தெளிவாக இடம்பெற்றது. அங்கேயும் ஒரு சொல் குறுக்கே நின்றது: அவசரம். தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவைதான் முதலில் ஏற்கப்பட்ட காரணங்கள். நாள்பட்ட நோய்க்கு இந்தப் பட்டியலில் இடம் எது? திங்கள்கிழமை டயாலிசிஸ் அவசரமா? மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கீமோ அவசரமா? தலசீமியா குழந்தைக்கு மாதம் தவறாமல் ஏற்றும் இரத்தம் அவசரமா? சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் பார்வையில் எதுவும் அவசரமில்லை. இரத்தம் கொட்டவில்லை, வலிப்பு வரவில்லை, ஆள் எழுந்து நடக்கிறார். ஆனால் அந்த நாள் தவறினால் உடம்பில் நீர் ஏறும், பொட்டாசியம் ஏறும், மூச்சு முட்டும், ஒரு கட்டத்தில் இதயமே நின்றுவிடும். அப்போது அது ‘அவசரம்’ ஆகிவிடும், இ-பாஸும் கிடைத்துவிடும்.

நாள்பட்ட நோய் என்பது தவணை கட்டுவதைப் போல. தேதி வந்தால் கட்டியாக வேண்டும். ஊரடங்கு தொடங்கி மூன்றாம் நாள், மார்ச் 27ஆம் தேதி, ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. பின்னால் அதை ஆகஸ்ட் இறுதிவரை நீட்டியது. வண்டிக் கடனும் வீட்டுக் கடனும் கட்டுகிறவரின் நிலைமை அரசுக்குப் புரிந்தது. சிறுநீரகத்தின் தவணைக்கு எந்த வங்கியும் அவகாசம் கொடுக்க முடியாது. முதல் 21 நாள் ஊரடங்கில் மட்டும், வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் ஆறு தவணை, மூன்று என்றால் ஒன்பது.

எத்தனை பேர் தவறினார்கள் என்று மருத்துவர்களே கணக்கெடுத்தார்கள். நாட்டின் 19 பெரிய மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துவந்த 2,517 பேரைப் பற்றிய ஆய்வு அது. 710 பேர், அதாவது நூற்றுக்கு 28 பேர், ஒரு தடவையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார்கள். 69 பேர் நிலைமை முற்றி அவசர டயாலிசிஸுக்கு வந்து சேர்ந்தார்கள். 104 பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இவை பெரிய மருத்துவமனைகளின் கணக்கு. சிறிய ஊர்களின் இரண்டு கட்டில் மையங்களில் என்ன நடந்தது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கசப்பான ஆய்வு ராஜஸ்தானிலிருந்து வந்தது. அரசு மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துவந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள் பொருளாதார ஆய்வாளர்கள் ராதிகா ஜெயினும் பாஸ்கலின் டுபாவும். நூற்றுக்கு 63 பேரின் சிகிச்சை ஏதோ ஒரு வகையில் தடைபட்டிருந்தது. வண்டி கிடைக்கவில்லை, மருத்துவமனையில் சேவை நின்றது, மருந்து அகப்படவில்லை: காரணங்கள் இவைதான். மார்ச்சைவிட மே மாதத்தில் இவர்களிடையே இறப்பு 64 விழுக்காடு கூடியிருந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நான்கு மாதங்களில் வழக்கத்தைவிட 22 விழுக்காடு அதிக இறப்பு. பெண்களும் ஏழைகளும் மருத்துவமனைக்குத் தொலைவில் வாழ்பவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த ஆய்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் நம் குற்றச்சாட்டின் மையம். இவர்களெல்லாம் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் பதிவேட்டில் இருந்தவர்கள். ஆய்வாளர்கள் அழைத்தபோது மணி அடித்தது. நோயாளியோ, அவர் இல்லாத வீட்டில் வேறு யாரோ, எடுத்துப் பேசினார்கள். ஆய்வாளர்களால் முடிந்தது அரசால் ஏன் முடியவில்லை? ‘உங்களுக்கு அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு, வண்டி அனுப்பட்டுமா’ என்று கேட்க ஓர் அழைப்பு போதும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் யார் எந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்கிறார் என்பது பணம் பட்டுவாடா செய்யும் கணினியில் பதிவாகிறது. காசநோயாளியின் பெயர் காசநோய்ப் பிரிவின் பதிவேட்டில் இருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளி ஏ.ஆர்.டி. மையத்தின் பதிவேட்டில் இருக்கிறார். ‘யாரென்று தெரியாது’ என்று கைவிரிக்க இந்த அரசுகளுக்கு வழியே இல்லை.

புற்றுநோயாளிகள் பட்ட பாடு இன்னொரு பக்கம். நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை வந்தவர்களை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டார்கள். புதிதாகப் பதிந்தவர்கள் 1,12,270 பேரிலிருந்து 51,760 பேராகக் குறைந்தார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைகள் ஏறக்குறையப் பாதியாயின. கட்டி வளர்வதை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. கண்டுபிடிப்பதைத்தான் நிறுத்தி வைத்தார்கள். முதல் கட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது மூன்றாம் கட்டத்தில் தெரிந்தால், அந்த மரணம் எந்த ஆண்டின் கணக்கில் சேரும்?

இந்த எண்களுக்கு ஒரு முகம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தொழிலாளி, புற்றுநோய் கண்ட மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்த செய்தி அந்த நாள்களில் வந்தது. ஜிப்மர் மருத்துவர்கள் அந்த அம்மாளுக்குச் சிகிச்சை தந்து, ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகள் அதைக் காதல் கதையாக எழுதி நெகிழ்ந்தன. நெகிழ்வதற்கு அதில் ஒன்றும் இல்லை, வெட்கப்படத்தான் இருக்கிறது. திரும்பிப் போக ஆம்புலன்ஸ் கொடுக்க முடிந்தவர்கள் நாட்டில் இருக்கும்போது, வருவதற்கு ஏன் ஒன்று இல்லாமற்போயிற்று? வேலூரிலோ, சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடி வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். காட்பாடியிலிருந்து அவர்களுக்கு ரயில் புறப்பட்டது மே மாதத்தில்தான்.

காசநோய் கதை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருக்க வேண்டும். 2019இல் இந்தியாவில் கண்டறியப்பட்டுப் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம் பேர். 2020இல் அது 18 லட்சமாக விழுந்தது. ஆறு லட்சம் பேருக்கு நோய் வராமல் போய்விடவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய களப்பணியாளர்களைக் கொரோனா வேலைக்கு அனுப்பினார்கள். சளி மாதிரி கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். இருமலோடு ஒரே அறையில் ஆறு பேர் அடைபட்டுக் கிடந்தால் காசநோய் என்ன செய்யும் என்று மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் தெரியும். பத்தாண்டுக்கு மேலாக இறங்கிவந்த காசநோய் மரணங்கள் உலக அளவில் 2020இல் மீண்டும் ஏறின.

சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று அரசு மருத்துவமனை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு வந்த சங்கடம் சத்தமில்லாதது. மாத்திரை தீர்ந்தால் அடுத்த நாளே யாரும் விழுந்துவிடுவதில்லை. ஒரு வேளை மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுப் பத்து நாளை இருபது நாளாக இழுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். காலில் ஆறாத புண்ணோ பக்கவாதமோ வந்து அவர்களில் ஒருவர் படுத்தபோது, அதற்கும் ஊரடங்குக்கும் உள்ள தொடர்பை எழுதி வைக்க யாரும் இல்லை. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் பல உயர் சிறப்புப் பிரிவுகளோடு இயங்கிய மருத்துவமனை கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. டெல்லி எய்ம்ஸ் தன் புறநோயாளிப் பிரிவையே மூடியது. தொற்றாளர்களுக்கு இடம் தேவைப்பட்டது உண்மைதான். அதற்காக எழுப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு மாற்று இடம் காட்டும் கடமையும் அதே அளவு உண்மை.

மருந்திலும் கை வைத்தார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மார்ச் மாதம் பரிந்துரைத்தது. அதைக் கேட்டுக் கடைகளில் முண்டியடித்தவர்கள் பெரும்பாலும் பணியாளர்கள் அல்லாதவர்கள். சில நாளில் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது; அதற்குள் அலமாரிகள் காலி. அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்காக அன்றாடம் விழுங்கி மூட்டுவாதத்தையும் லூபஸையும் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். கொரோனாவைத் தடுப்பதற்கு அது உதவாது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்லின. உதவாத இடத்துக்காக, உதவிய இடத்திலிருந்து பிடுங்கியதுதான் மிச்சம்.

இத்தனையும் நடந்த ஆண்டில் இந்தியாவில் பதிவான இறப்புகளில் நூற்றுக்கு 45 பேர் எந்த மருத்துவக் கவனிப்பும் இல்லாமல் இறந்தார்கள் என்று அரசின் குடிமைப் பதிவு அறிக்கையே சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் இது 34.5. ஓராண்டில் பத்துப் புள்ளிக்கு மேல் ஏற்றம். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் சான்றளித்ததோ நூற்றுக்கு 22 அல்லது 23 மரணங்களுக்குத்தான். எதனால் செத்தார் என்று எழுதாத நாட்டில், ஊரடங்கால் செத்தார் என்று யார் எழுதப்போகிறார்கள்?

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. அதுவும் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30ஆம் தேதி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கட்டளையிட்ட பிறகு. அந்தப் பிரிவு நிவாரணத் தொகையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நிவாரண முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவக் கவனிப்பு, துப்புரவு ஆகியவற்றில் குறைந்தபட்சத் தரத்தை உறுதிசெய்யும் வழிகாட்டுதல்களை வகுக்கச் சொல்கிறது. எந்தச் சட்டத்தின் பெயரால் நாட்டைப் பூட்டினார்களோ, அதே சட்டம் விதித்த கடமை இது. பூட்டும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள், கூடவே வந்த கடமையைத் தொடாமல் விட்டார்கள்.

‘எதிர்பாராத பேரிடர், யாராலும் எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்க முடியாது’ என்பது ஆட்சியாளர்களின் வழக்கமான பதில். இந்தப் பதில் நிற்காது. அத்தியாவசிய மருத்துவச் சேவைகள் தடைபடக் கூடாது, நாள்பட்ட நோயாளிகளைப் பட்டியலிட்டுக் கவனிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரல் நடுவில் வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. முதல் 21 நாள் முடிகிற தறுவாய் அது. செய்ய வேண்டியது தெரிந்தே இருந்திருக்கிறது. பூட்டுவதற்கு முன்னால் எழுத வேண்டியதைப் பூட்டி மூன்று வாரம் கழித்து எழுதினார்கள். தமிழ்நாட்டில் இ-பாஸ் விண்ணப்பித்த உடனே கிடைக்கும் நிலை ஆகஸ்ட் 17ஆம் தேதிதான் வந்தது. மாநிலம் முழுதும் மாவட்டங்களுக்கு இடையே பேருந்து ஓடியது செப்டம்பர் 7ஆம் தேதிதான். ஐந்து மாதம் என்பது திடுக்கிட்டுத் திகைத்து நிற்கும் காலம் அல்ல.

நல்லதைச் சொல்லாமல் விடுவதும் முறையாகாது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு வேண்டிய திரவப் பைகளும் அதில் வருகின்றன. ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. பாராட்டுகிறோம். ஆனால் இந்தத் திட்டம் ஊக்கத்தொகைக்கு வேலை பார்க்கும் மகளிர் தன்னார்வலர்களின் கால்களை நம்பி நிற்கிறது. நாளை மறுபடி ஊரடங்கு வந்தால் அவர்கள் தெருவில் இறங்கலாமா கூடாதா என்பதைச் சொல்லும் சட்ட வரி எங்கே? திட்டம் என்பது ஆட்சியாளரின் விருப்பம். அடுத்தவர் வந்து பெயரை மாற்றலாம், நிதியைக் குறைக்கலாம். நோயாளி கேட்பது விருப்பத்தை அல்ல, உரிமையை. உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறும் அரசு மருத்துவமனை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் வழக்கில் 1996இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே அரசுகள் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, கணக்கு. 2020, 2021 ஊரடங்கு மாதங்களில் காப்பீட்டுத் திட்டத்தின் டயாலிசிஸ் பட்டியலிலிருந்தும், புற்றுநோய், காசநோய், எச்.ஐ.வி. பதிவேடுகளிலிருந்தும் காணாமல் போன ஒவ்வொரு பெயரையும் தேடிச் சென்று, அவர் இருக்கிறாரா, இல்லையென்றால் எப்படி இறந்தார் என்று விசாரிக்க வேண்டும். கர்ப்பிணி இறந்தால் தணிக்கை செய்யும் பழக்கம் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறைக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அதே முறையை இதற்கும் பயன்படுத்தட்டும். அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.

இரண்டாவது, சட்டம். பெருந்தொற்றுக் காலத்துக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று நிதி ஆயோக் அமைத்த வல்லுநர் குழு 2024இல் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வருமானால், நாள்பட்ட நோயாளிகளின் சிகிச்சைத் தொடர்ச்சி அதில் தனி அத்தியாயமாக இடம்பெற வேண்டும். அந்த ஏற்பாடுகள் தயாராகாமல் எந்த ஊரடங்கு ஆணையும் செல்லாது என்று எழுத வேண்டும். மத்திய அரசு தாமதித்தால் தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. அந்தச் சட்டத்தைத் திருத்தி வழிகாட்டலாம்.

மூன்றாவது, வழி. டயாலிசிஸ் அட்டை, கீமோ அட்டை, மருத்துவமனை நோட்டு ஆகியவையே பயண அனுமதிச் சீட்டாகச் செல்ல வேண்டும்; தனியாக எந்த இணையதளத்திலும் மன்றாட வைக்கக் கூடாது. ‘அவசரம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘தவணைச் சிகிச்சை’ என்ற சொல்லும் ஆணைகளில் ஏற வேண்டும். பேருந்து நிற்கும் நாளில் இவர்களை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்வது மாவட்ட ஆட்சியரின் கடமை என்று எழுத வேண்டும்.

நான்காவது, இடமும் மருந்தும். ஒரு மருத்துவமனையைத் தொற்றுக்கு ஒதுக்கும் ஆணையிலேயே, அங்கிருந்த நோயாளிகள் எங்கே போக வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் ஏற்பாடு நிரந்தரமாக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கீமோ மையங்கள் அமைப்பதாக மத்திய அரசு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. அவை அறிவிப்போடு நின்றுவிடாமல் இயங்க வேண்டும். இருந்திருந்தால் கும்பகோணத்துக்காரர் புதுச்சேரி வரை சைக்கிள் மிதித்திருக்க மாட்டார்.

ஐந்தாவது, நிவாரணம். அரசின் ஆணையால் சிகிச்சை தடைபட்டு இறந்ததாகத் தணிக்கையில் தெரியவரும் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த அதே தொகையைக் கொடுக்க வேண்டும். பணம் சிறியது. ‘எங்கள் பிழையால் போன உயிர்’ என்று அரசு கையெழுத்துப் போடுவதுதான் பெரியது.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பதிவேடுகள் இருக்கின்றன, அவற்றில் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. 2020இல் ராஜஸ்தான் நோயாளிகளின் வீடுகளில் மணி அடித்தபோது மறுமுனையில் இருந்தவர்கள் ஆய்வாளர்கள். அடுத்த முறை பூட்டைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த எண்களை அரசு அழைத்திருக்க வேண்டும். அழைக்காமல் பூட்டும் அதிகாரத்தை இனி எந்த அரசுக்கும் கொடுப்பதற்கில்லை.